தாய்ப்பாலுக்குத் தீர்ப்புச் சொன்ன எறும்பு

பிரசவ ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, டீக்கடையை ஒட்டி, முன்பு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மகான் எழுந்தருளியிருந்தார். பஞ்சர்க்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டாலும், காற்றுப் பிடுங்கும் வேலை மட்டும் அங்கே நிற்கவில்லை.

அவருக்கு எறும்பு மகான் என்று பெயர். கைரேகை, சீட்டு என்று பழைய சரக்கை விற்கிற ஆசாமி அல்ல. அவரிடம் இருந்தது ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு தீப்பெட்டி, தீப்பெட்டிக்குள் சில எறும்புகள். பிள்ளை பெற்றவளின் பாலில் ஒரு சொட்டைத் தட்டின் நடுவே விடுவார். கண்ணை மூடி, உதட்டை அசைத்து, கட்டைவிரலால் அந்தச் சொட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு ஆசீர்வதிப்பார். பிறகு எறும்பைத் தட்டின் ஓரத்தில் இறக்கிவிடுவார். எறும்பு ஓடிப்போய்ப் பாலில் வாய் வைத்தால் அது அமுதப்பால். பாதி வழியில் திரும்பி ஓடினால் விஷப்பால். அவ்வளவுதான் விஞ்ஞானம். எதிரே ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய படிப்புப் படித்த டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒரு பரீட்சையும் எழுதாத எறும்புக்குத்தான் கூட்டம் அலைமோதியது.

விஷப்பால் என்று தீர்ப்பானால் அப்பீல் கிடையாது. பரிகாரம் மட்டும் உண்டு. பின்னாலிருந்த தட்டி மறைவிலிருந்து சீடர் ஒரு குப்பியை எடுத்து வருவார். அதற்குள் மகான் மந்திரித்த வெள்ளை அமுதம். குழந்தைக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், தாயின் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். காணிக்கை எவ்வளவு என்று மகான் வாய் திறந்து கேட்கமாட்டார். அவருக்குப் பணத்தின் மேல் ஆசை இல்லை. அந்த ஆசையையெல்லாம் சீடரிடம் கொடுத்துவைத்திருந்தார்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விஷப்பால்தான். இத்தனை விஷத்தை உடம்பில் வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் எப்படி உயிரோடு நடமாடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்கும்போது கேள்வி கேட்டால் இடம் போய்விடும் அல்லவா!

அந்த வரிசையில் கறாரம்மா நின்றுகொண்டிருந்தாள் என்றால், அவளைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

கறாரம்மா என்பது கடைத்தெரு வைத்த பெயர். தையற்காரர்களுக்கு நூல், பொத்தான், ஜிப் விற்கிற கடை அவளுடையது. நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்கமாட்டாள். ஜிப்பை இருபது தடவை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் மொத்த வியாபாரியை நாற்காலியில் உட்காரச் சொல்லுவாள். அவளிடம் ஒரு கண்டு நூலை ஏமாற்றி விற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளைத் தெருவுக்கு இழுத்துவந்தது ஒரு நிறம்.

மகனுக்குக் கல்யாணமாகி, இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகு பிறந்த பேத்தி. அதுவும் மாதம் நிறைவதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டது. மாடியில், பச்சிளங்குழந்தைகள் வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் மெல்லிய குழாயோடு கிடந்தது. உள்ளங்கையை விரித்தால் அதில் படுக்கவைத்துவிடலாம் போலிருந்தது. கீழே படுத்திருந்த மருமகள் பாலைச் சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும், யாராவது மாடிக்கு எடுத்துப் போக வேண்டும், நர்ஸ் அதைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். இதுதான் ஏற்பாடு.

முதல் கிண்ணத்தைக் கறாரம்மாதான் வாங்கினாள். மூடியைத் திறந்து பார்த்தாள். பால் மஞ்சளாக இருந்தது!

கெட்டியாக, பிசுபிசுவென்று, சுத்த மஞ்சள். அவள் கடையில் வெள்ளை நூல் மஞ்சளித்துப் போனால் அது பழைய சரக்கு, இற்றுப் போனது, இழுத்தால் அறுந்துவிடும். முப்பது வருஷ வியாபாரத்தில் இந்த ஒரு விதி அவளைக் கைவிட்டதே இல்லை. அந்த விதியைத் தூக்கிக்கொண்டு போய் மருமகளின் மாரில் வைத்தாள்.

சீம்பால் அப்படித்தான் இருக்கும், அதுதான் குழந்தைக்கு முதல் மருந்து என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய படத்தோடு எழுதி மாட்டியிருந்தார்கள். ஆனால் அந்தப் படத்தின் ஆணியில் யாரோ சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பைக்குப் பின்னால் இருப்பதைப் படிக்கிற வழக்கம் நம் ஜனங்களுக்கு ஏது?

எதிரே எறும்பு இருக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கறாரம்மா தெருவைத் தாண்டினாள்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவன் ரொம்ப அன்பாக விசாரித்தான். எந்த வார்டு, பையனா பொண்ணா, எத்தனை மாசத்தில் பிறந்தது, வீட்டில் என்ன தொழில். கறாரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவனுக்கு என்னவோ அவசர வேலை வந்து, வரிசையை விட்டுவிட்டுத் தட்டி மறைவுக்குப் போய்விட்டான். நல்ல மனுஷன் என்று கறாரம்மா நினைத்துக்கொண்டாள்.

மகான் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாடியில கண்ணாடிக்குள்ள ஒரு உசுரு தவிக்குது. பொண்ணு."

கறாரம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "சாமி! எப்படி சாமி தெரிஞ்சது?"

"எனக்கு என்னம்மா தெரியும்? எல்லாம் எறும்பு சொல்றது."

சொட்டு விழுந்தது, கட்டைவிரல் வட்டம் போட்டது. எறும்பு இறங்கியது, நடந்தது, வட்டத்தின் விளிம்பில் நின்று மீசையை ஆட்டியது, சுடுதரையில் கால் வைத்தது போலத் திரும்பி ஓடியது.

"ஐயோ," என்றார் மகான். வருத்தத்தை அவ்வளவு அழகாகச் செய்தார். "மஞ்சள் விஷம்மா. ஒரு சொட்டுகூட உள்ள போகக்கூடாது."

கறாரம்மா குப்பியை வாங்கினாள். பேரம் பேசாமல் வாங்கினாள்! ஆஸ்பத்திரிக் குழாயடியில் கிண்ணத்துச் சீம்பாலைக் கவிழ்த்தாள், அமுதத்தை ஊற்றினாள், மாடிக்குப் போய் நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் மூடியைத் திறந்தாள், பார்த்தாள், மோந்தாள்.

"அம்மா, இது யாரோட பால்?"

"என் மருமகளோடதுதான். வேற யாருது?"

"கீழ நான்தானே கூட இருந்து எடுக்கச் சொல்லிக்குடுத்தேன்? தேன் மாதிரி மஞ்சளா இருந்தது. மாடிப்படி ஏறறதுக்குள்ள வெளுத்துப்போச்சா?"

கறாரம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எறும்பு, விஷம், அமுதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நர்ஸ் கிண்ணத்தை அப்படியே கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

"இதை நான் கவனிக்காம குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமாம்மா? இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் குடல் ஈரக் காகிதம் மாதிரி. கண்டதை ஊத்தினா வீங்கிப்போகும். அந்த மஞ்சப் பால்தான் அதுக்குக் கவசம். அதைப் போய் கொட்டிட்டு வந்து நிக்கறீங்களே!"

அப்புறம் நர்ஸ் கீழே போய் மருமகளிடம் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த கிண்ணம் சேரும்வரை, ஆஸ்பத்திரிப் பால் வங்கியிலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டாள். மிஞ்சுகிற பாலை வேறு தாய்மார்கள் தானமாகக் கொடுப்பார்கள், சோதித்து, சூடுகாட்டி, குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். மருமகள் சரியென்றாள்.

கறாரம்மாவுக்கு இது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. முன்பின் தெரியாத ஒருத்தியின் பாலா! தெருவில் முன்பின் தெரியாத ஒருவன் தட்டி மறைவில் கலக்கியதை ஊற்றத் துணிந்தவள் இதைக் கேட்டு மூக்கில் விரல் வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு பச்சிளங்குழந்தைகள் வார்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ பாலும் உள்ள போகக்கூடாது. என் மருமக பாலும் போகக்கூடாது. என் பேத்தி வயித்துல விஷம் இறங்கணும்னா என்னைத் தாண்டித்தான் இறங்கணும்."

நர்ஸ்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வங்கிப் பாலைக் கொண்டுபோனார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. மகனை வரவழைத்தார்கள். மகன் அம்மாவிடம், "அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா" என்றான். கீழே போய்ப் பெண்டாட்டியிடம், "அம்மா சொல்றதையும் கொஞ்சம் யோசிக்கலாமே" என்றான். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று டீ குடிக்கப் போனான்.

மறுநாளும் ஸ்டூல் அசையவில்லை. கீழே மருமகளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அழுது அழுது, தூங்காமல், அவள் பீய்ச்சினால் கிண்ணத்தின் அடி நனைகிற அளவுக்குத்தான் வந்தது. "இப்படி மனசொடிஞ்சு எடுக்காம விட்டீங்கன்னா வத்திடும்மா," என்று நர்ஸ் எச்சரித்தாள். மாடியில் பேத்தியின் எடை ஏறவில்லை. வங்கியிலும் பால் கொஞ்சந்தான் மிச்சம். தானம் கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் எதிர்க்கடை எறும்பிடம் போய்விட்டுப் பாலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய உத்தியோகம் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிக்கிற வேலை. கறாரம்மா அவளைப் பெண்பார்க்கப் போனபோது பிடித்துப்போனதே அந்த வேலைதான். மாமியாரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"வாங்க அத்தை, உக்காருங்க. சண்டை போடக் கூப்பிடலை."

"போட்டாலும் நான் மாறமாட்டேன். எறும்பு பொய் சொல்லுமா? அதுக்கு என்னடி லாபம்?"

"அதையேதான் நானும் கேக்கறேன். இப்ப நான் ஒரு கடைக்குப் போறேன். இந்தத் தராசு நல்ல தராசான்னு கடைக்காரரையே கேப்பேனா?"

"அவன் ஆமான்னுதான் சொல்லுவான்."

"நான் என் படிக்கல்லைக் கொண்டுபோவேன். என் கல்லு எவ்வளவு எடைன்னு எனக்குத் தெரியும். தராசு அதையே சொன்னா நல்ல தராசு. மாத்திச் சொன்னா பறிமுதல். உங்க எறும்பையும் அப்படிப் பார்த்துடலாமே."

கறாரம்மாவுக்கு இந்தப் பாஷை புரிந்தது. ஜிப்பை ஏற்றி இறக்கிப் பார்க்கிற பாஷை. "படிக்கல்லுக்கு எங்க போவே?"

"அதான் உங்க குப்பியில மிச்சம் இருக்கே. அமுதம்! அது நல்லதுன்னு மகானே சொல்லிட்டாரு. அதை ஒரு கிண்ணத்துல நீங்களே ஊத்துங்க. இன்னொரு கிண்ணத்துல இந்தாங்க, என் பால் நாலஞ்சு சொட்டு. எது எதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எறும்புக்கும் தெரியும்னு நீங்க சொல்றீங்க. மகானுக்கு மட்டும் மாத்திச் சொல்லுங்க."

"எறும்பு ஒரே நொடியில கண்டுபிடிச்சிடும்."

"கண்டுபிடிச்சா என் பாலை நானே கொட்டிடறேன். ஆயுசுக்கும் வாயைத் திறக்கலை."

"பிடிக்கலைன்னா?"

"அந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்கணும்."

கறாரம்மா சிரித்துக்கொண்டே எழுந்தாள். தோற்கப்போகிற மருமகளைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

மத்தியான வெயிலிலும் மகான் சன்னிதியில் கூட்டம் குறையவில்லை. கறாரம்மா நேரே தட்டுக்கு முன்னால் போய் முதல் கிண்ணத்தை, அதாவது அமுதத்தை, வைத்தாள்.

"சாமி, மருமக பால். நேத்து மஞ்சளா இருந்தது, இன்னிக்கு வெளுத்திருக்கு. விஷம் இறங்கிடுச்சான்னு பார்த்துச் சொல்லுங்க."

சொட்டு விழுந்தது. மகான் வலது கட்டைவிரலால் வட்டம் போட்டார். எறும்பு போனது, நின்றது, திரும்பி ஓடியது.

"இறங்கறதா? ஏறியிருக்கு!" என்றார் மகான். "நேத்தாவது மஞ்சளா வந்து தன்னைக் காட்டிக்குச்சு. இன்னிக்கு வெள்ளை வேஷம் போட்டு வந்திருக்கு. இது குழந்தை இருக்கிற திசைக்கே போகக்கூடாதும்மா!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. கறாரம்மா கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"சாமி, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இன்னொரு வாட்டி விடுங்க."

இன்னொரு வாட்டியும் வலது கட்டைவிரல், இன்னொரு வாட்டியும் ஓட்டம். சீடர் அதற்குள் இரண்டு குப்பியை எடுத்துவந்துவிட்டார்.

கறாரம்மா இரண்டாவது கிண்ணத்தை வைத்தாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இது நீங்க குடுத்த அமுதம் சாமி. வெயில்ல வெச்சுட்டேன், கொஞ்சம் மஞ்சளிச்சிருக்கு. கெட்டுப்போயிருக்குமோன்னு..."

"அமுதம் கெடுமா?" மகான் சிரித்தார். இந்தத் தடவை இடது கட்டைவிரலால் வட்டம் போட்டார். எறும்பு நேரே போய்ப் பாலில் தலையைக் கவிழ்த்தது. நாள் முழுக்கத் தீப்பெட்டிக்குள் பட்டினி கிடந்த ஜீவன், எடுத்த வாயை எடுக்கவே இல்லை. "பார்த்தியா? எப்படிக் குடிக்குது பாரு! இந்த மகிமை தாய்ப்பாலுக்கு வருமா?"

"அதுதான் தாய்ப்பால்," என்றாள் கறாரம்மா.

"என்னது?"

"இப்ப எறும்பு குடிக்குதே, அதுதான் என் மருமக பால். முதல்ல விஷம்னு சொன்னீங்களே, அதுதான் உங்க அமுதம். நானே என் கையால ஊத்திக் கொண்டுவந்தேன்."

மகானுக்கு ஒரு கணம் மூச்சு நின்றதுதான். ஆனால் தொழில் பழகிய உடம்பு, உடனே திரும்பி வந்துவிட்டது.

"பாவி! சாமியையே சோதிக்க வந்தியா? உன் கை தோஷம்! உன் கை பட்டதும் அமுதம் விஷமாச்சு, விஷம் அமுதமாச்சு!"

கூட்டம் அப்படியும் இருக்குமோ என்று யோசித்தது. கொஞ்ச நேரம் முன்பு வரை கறாரம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள்தானே? ஆனால் இப்போது அவளுக்குள் கடைக்காரி விழித்துக்கொண்டுவிட்டாள். இருபது தடவை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் விடுகிற ஜாதி இல்லை அது.

"டீக்காரரே, கழுவின சாஸர் ஒண்ணு குடுங்க."

சாஸர் வந்தது. அதன் ஒரு பக்கம் அமுதம், மறு பக்கம் மருமகளின் பால். யாரும் வட்டம் போடவில்லை, யாரும் உதட்டை அசைக்கவில்லை. தீப்பெட்டியைத் திறந்து எறும்புகளை அவளே விட்டாள். எறும்புகள் பங்காளிச் சண்டை போடாமல் இரண்டு பக்கமும் பந்தி உட்கார்ந்துவிட்டன.

"இப்ப உங்க கையைக் குடுங்க சாமி."

"தொடாதே!"

தொட்டுவிட்டாள். வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மகானின் கட்டைவிரலாலேயே புதிதாக ஒரு சொட்டைச் சுற்றி வட்டம் போட்டாள். பக்கத்தில் விட்ட எறும்பு வட்டத்தருகே வந்தது, மீசையை ஆட்டியது, பிடித்தது ஓட்டம். கறாரம்மா குனிந்து அந்த விரலை மோந்து பார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் முகத்துக்கெல்லாம் நேராக நீட்டினாள்.

"நீங்களும் மோந்து பாருங்க. கிராம்புத் தைலம்! சாமிக்குக் கட்டைவிரல்ல பல்வலி!"

முதலில் சிரித்தவன் டீக்கடைக்காரன். அப்புறம் தெருவே சிரித்தது. வேண்டிய பாலுக்கு இடது விரல், வேண்டாத பாலுக்கு வலது விரல். எறும்புக்குத் தைலம் ஆகாது. இதற்குத்தான் இத்தனை நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அமுதம் என்னன்னு என்னைக் கேட்டா சொல்லுவேனே," என்றான் டீக்கடைக்காரன். "பவுடர் டின்னு. விலை மலிஞ்ச சரக்கு. கலக்கறதுக்கு வெந்நீர் என் கடையிலதான் வாங்கறாங்க."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?"

"யாரும் கேக்கலையேம்மா. டீ கேட்டாங்க, குடுத்தேன்."

அதற்குள் சீடர் உண்டியலோடு முக்தி அடைந்திருந்தார். வரிசையில் அன்பாக விசாரித்த நல்ல மனுஷனும் கூடவே போயிருந்தான். மகான் எழுந்து ஓடப் பார்த்தார், ஆனால் இத்தனை நாள் காலில் விழுந்தவர்கள் இன்றைக்குக் காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் காவல்காரர் வந்து அவரைக் கூட்டத்திலிருந்து பத்திரமாகப் பிரித்து, போலீஸ் வரும்வரை காவலறையில் உட்காரவைத்தார்.

சிரிப்பு அடங்கியபோதுதான் அந்த அழுகை கேட்டது. ஒரு சின்னப் பெண், பிறந்த குழந்தையைத் தோளில் போட்டபடி, நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கும் விஷம்னு சொன்னாரும்மா. நல்லா ஊறிட்டிருந்தது. அவர் பேச்சைக் கேட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். இப்ப பிள்ளை சப்பினா ஒண்ணும் வரலை. குப்பியைக் குடிச்சுக் குடிச்சு வயித்தால போகுது. வத்திப்போச்சேம்மா, எனக்கு வத்திப்போச்சே!"

குழாயடியில் தான் கவிழ்த்த அந்த மஞ்சள் பால் கறாரம்மாவின் கண்ணுக்கு முன்னால் ஓடியது. தானும் இதே காரியத்தைத்தான் செய்தோம், நர்ஸின் மூக்குத்தான் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதேடி கண்ணு. என்கூட வா. மேல ஒரு நர்ஸம்மா இருக்கு. வத்தினதையும் திரும்ப வரவைக்க வழி சொல்லும். பிள்ளை வயித்தையும் டாக்டர் பார்க்கட்டும். வா."

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். மனிதர்கள் கொஞ்சம் யோசிக்கிறவர்களாக இருந்தால் முடிந்திருக்கும்.

தெருவைத் தாண்டப்போனவள் முதுகுக்குப் பின்னால் சலசலப்புக் கேட்டுத் திரும்பினாள். டீக்கடை முன்னால் புதிதாக ஒரு வரிசை. முதலில் நின்ற அம்மாள் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த உண்மை சொல்ற சாஸர்ல என் பொண்ணு பாலையும் கொஞ்சம் வெச்சுப் பாருங்களேன்!"

"மகான் திருடன்தான்," என்றார் பின்னால் நின்ற பெரியவர். "ஆனா சாஸர் சத்தியமான சாஸர். நானே கண்ணால பார்த்தேன்."

டீக்கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். அவன் முகத்தில் லேசாக ஒரு தெய்வீகக் களை வர ஆரம்பித்திருந்தது.

கறாரம்மா திரும்பி வந்தாள். சாஸரை எடுத்தாள். ஓங்கித் தரையில் போட்டாள். அது சுக்குநூறாகச் சிதறியது.

"இன்னும் எத்தனை தட்டை வெச்சுக் கும்பிடுவீங்க?" என்று கத்தினாள். "பெத்தவ பாலுக்கு எறும்பு எதுக்கு, சாஸர் எதுக்கு? பிள்ளை வாயில வையுங்கடி! சந்தேகம் வந்தா எதிர்ல ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போய்க் கேளுங்க. நானும் கேக்காம வந்து நின்னவதான்!"

பிறகு அந்தச் சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். நர்ஸ் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள், உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். பெண்ணிடம், "விடாம மார்ல போட்டுச் சப்ப விடும்மா. கொஞ்சம் கொஞ்சமா ஊறும். அதுவரைக்கும் நாங்க பார்த்துக்கறோம்," என்றாள். பச்சிளங்குழந்தைகள் வார்டு வாசலில் ஸ்டூல் அப்படியே கிடந்தது. கறாரம்மா அதை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

கீழே மருமகள் மறுபடியும் கிண்ணத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். கறாரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தாள். கேட்க பயந்ததுபோல் மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"எறும்பு என்ன சொல்லுச்சு அத்தை?"

"எறும்பு எங்கடி சொல்லுச்சு? அது பாட்டுக்குப் பாலைக் குடிச்சுது. சொன்னதெல்லாம் அந்தத் தடியன். கேட்டதெல்லாம் நான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் பாலைக் கொட்டின கை இது. அடிக்கணும்னா அடிச்சுக்கோ."

மருமகள் அடிக்கவில்லை. அந்தக் கையை எடுத்துக் கிண்ணத்தைப் பிடிக்கச் சொன்னாள். பேச்சுக்கொடுத்துக்கொண்டே, தெருவில் நடந்ததையெல்லாம் கறாரம்மா நடித்துக் காட்ட, மருமகள் தையல் வலிக்கச் சிரிக்க, கிண்ணத்தின் அடி மறைந்து பால் மேலே ஏறியது. இரண்டு பேரும் அதை வாய்பிளந்து பார்த்தார்கள். கறாரம்மா அதை எந்தத் தெருவையும் தாண்டாமல் நேரே மாடிக்கு எடுத்துப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அது பேத்திக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு அழுதாள்.

அந்த எறும்புகளைச் சொல்லிக் குற்றமில்லை. வாசனை பிடிக்காவிட்டால் ஓடிவிட வேண்டும் என்கிற அளவுக்கு அவற்றுக்கு மூளை இருந்தது. கடுகளவு மூளையைக்கூட அவை நாள் தவறாமல் உபயோகித்தன. நமக்குத்தான் மண்டை நிறையக் கொடுத்திருக்கிறது. தேய்ந்துபோய்விடும் என்று பயந்து, புதுசாகவே வைத்திருக்கிறோம்.